சந்தனத்துக்கு அடியில் ஒரு தேதி

சுங்க அதிகாரி என் பையிலிருந்த சாமான்களை மேசைமேல் வரிசையாக எடுத்து வைத்தார். நீளக் கம்பியின் நுனியில் பொருத்திய வட்டக் கண்ணாடி ஒன்று, டார்ச் லைட் ஒன்று, பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்று, பழைய பல் பிரஷ் இரண்டு, மெல்லிய காகிதம் ஒரு சுருள், மெழுகுப் பென்சில் மூன்று.

"பல் டாக்டரா?" என்று கேட்டார்.

கொழும்பில் ஒரு மோட்டார் கம்பெனியில் உதிரி பாகங்களுக்கு ஸ்டோர் கீப்பர் என்றேன். இந்தியாவில் என்ன வேலை என்று கேட்டதற்கு, ஒரு பழைய காரின் வயதைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"காருக்கு ஜாதகமா!" என்று சிரித்துவிட்டு, பையின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து என்னை அனுப்பிவிட்டார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது பெரிய தப்பில்லை. என் முதலாளியின் தகப்பனார் 1934-ஆம் வருஷம் வாங்கிய இங்கிலீஷ் கார் அது. நாலு வருஷம் ஓட்டிவிட்டு, அப்போது கொழும்புப் புறக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த மைதீன் ராவுத்தர் என்பவருக்கு விற்றுவிட்டார். ராவுத்தர் அதைக் கப்பலில் தூத்துக்குடிக்கு ஏற்றி, தம் சொந்த ஊரான தென்காசிக்குக் கொண்டுபோய்விட்டார். இப்போது தகப்பனார் இல்லை. முதலாளிக்கு அந்தக் கார் திரும்ப வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதைச் செய்துவைக்க வேண்டும். கடிதம் போட்டார். ராவுத்தர் தம் கைப்படப் பதில் எழுதியிருந்தார்: 'வண்டி இருக்கிறது. எஞ்சின் மாற்றப்படவே இல்லை. இது என் வாக்கு.'

"நீ போய்ப் பார்" என்றார் முதலாளி. "அப்பா ஓட்டிய எஞ்சின் இல்லையென்றால் அது யார் வீட்டுக் காரோ. எனக்கு வேண்டாம்."

காரை எப்படிக் கொண்டுவருவது என்பது அவர் கவலை. அது அந்தக் கார்தானா என்பது என் கவலை.

தென்காசியில் இறங்கியதும் மழை என்று நினைத்துக் குடையை விரித்தேன். பக்கத்தில் நின்றவர், "சார்வாள், இது மழையில்ல, சாரல். கொடைய மடக்குங்க, காத்து பிச்சிரும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் குடை மேல்நோக்கித் திரும்பியது. எட்டுக் கம்பியில் ஒன்று ஒடிந்தது. கொழும்பில் மழை தலையில் விழும். இங்கே அது மேற்கே மலை இடைவெளியிலிருந்து பக்கவாட்டில் வருகிறது. சட்டை ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்திருக்கிறது.

சாப்பாட்டுக் கடையில் எதிரில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சருவி எப்படி?"

"அஞ்சும் விழுது."

"பேரருவி?"

"ஆர்ச்சைத் தொட்டுக்கிட்டு விழுது. போலீஸ்காரன் உள்ள விடமாட்டேங்கான்."

அவர்கள் யாத்திரிகர்கள் என்று நினைத்தேன். ஒருவர் அரிசிக்கடைக்காரர், மற்றவர் பள்ளிக்கூட வாத்தியார், இருவரும் உள்ளூர்தான். கொழும்பில் அரசியல் விசாரிப்பதுபோல் இங்கே ஆடி மாதத்தில் அருவியை விசாரிக்கிறார்கள். இலையில் சொதி விழுந்ததும் எனக்கு வீட்டு நினைவு வந்தது. ஆனால் எங்கள் சொதி இடியாப்பத்துக்கு ஊற்றும் நீர்த்த பால். இவர்களுடையதில் காய்கறியும் பாசிப்பருப்பும் இருந்தன. நன்றாக இருக்கிறது, ஆனால் இது சொதி இல்லை என்றேன். பரிமாறியவர் கரண்டியை நிறுத்தி, "அப்ப உங்க ஊர்ல உள்ளதுக்கு என்ன பேரு?" என்றார். சொதி என்றேன். "அப்பம் அதுதான் சொதி இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

தங்கிய அறையின் ஜன்னலில் கோயில் கோபுரம் தெரிந்தது. கோபுரம் என்று சொல்ல முடியாது. கல்லால் ஆன அடிப்பகுதி பிரம்மாண்டமாக இருந்தது; மேலே நடுவில் பிளந்து, பிளவு வழியாக வானம் தெரிந்தது. எப்போதோ தீப்பிடித்து இப்படி ஆனதாம். நாட்குறிப்பில் எழுதினேன்: 'அடி அசல். மேற்பகுதி இல்லை.' எழுதிய பிறகு, வேலை இன்னும் தொடங்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கார் நின்றது சுப்பையா ஆசாரியின் பட்டறையில். இவர் ராவுத்தர் வயதுக்காரர்; ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு இருக்கும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிக்கும் கொல்லர் குடும்பத்தில் பிறந்து, ராவுத்தரின் கார் ஊருக்கு வந்த நாளிலிருந்து அதைப் பிரித்துப் பூட்டியே மோட்டார் வேலை கற்றவர். ஊரில் காரைப் பிளஷர் என்கிறார்கள். "ராவுத்தர் பிளஷர்" என்று கேட்டால் பட்டறைக்கு வழி காட்டுகிறார்கள்.

பழைய காரைப் பார்க்க வந்தவன் முன்னால் புதுக் கார் நின்றது. புதுப் பச்சைப் பெயிண்ட். ரேடியேட்டர் மூடியில் பிச்சிப்பூச் சரம். முன்விளக்குகளில் பளபளக்கும் புதுக் கண்ணாடி.

"பொண்ணு பாக்க வாரிய. அலங்காரம் பண்ணாம எப்படி?" என்றார் சுப்பையா.

ராவுத்தர் பட்டறை ஓரத்தில் தாழ்வான ஏதோ ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். நாலாக மடித்த கோணிச்சாக்கு அதன்மேல் கிடந்தது. அதுதான் அவருடைய தினப்படி இடம் என்பது சாக்கில் விழுந்திருந்த குழியிலேயே தெரிந்தது. எனக்கு நாற்காலி போட்டார்கள். எனக்குப் பழைய விளக்குக் கண்ணாடிதான் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"பாரும்வே, நான் சொன்னேம்லா!" என்றார் ராவுத்தர். "கிழவியப் பாக்க வாறவருக்குக் குமரி வேசம் கட்டி விட்டுருக்கீரு."

சுப்பையா கலங்கவில்லை. மூலையிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டியை இழுத்துவந்தார். பழைய கண்ணாடி இரண்டும் வைக்கோலுக்குள் இருந்தன. "பழச நான் எறியிறதில்ல" என்றார். இருபது வருஷத்தில் அந்தக் காரிலிருந்து கழற்றிய ஒவ்வொரு ஆணியும் அந்தப் பட்டறையில் எங்கோ இருப்பதாகச் சொன்னார். ஸ்டோர் கீப்பர் ஒருவனுக்கு அதைவிட மகிழ்ச்சியான சொல் கிடையாது.

வேலையைத் தொடங்கினேன். முறை எளிது. இரும்பை வார்க்கும்போதே வார்ப்படச்சாலைக்காரர்கள் தேதியையும் சேர்த்து வார்த்துவிடுவார்கள். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி எண். A என்றால் ஜனவரி, B என்றால் பிப்ரவரி, அப்படியே வரிசையாக. இந்தக் கார் 1934 மார்ச் கடைசியில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதன் தகடு அப்படிச் சொல்கிறது. அப்படியானால் பாகங்கள் ஒவ்வொன்றும் அதற்குச் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ முந்தியதாக இருக்க வேண்டும். குடிபுகுந்த பிறகு சுட்ட செங்கல் அந்த வீட்டின் முதல் சுவரில் இருக்க முடியாது.

கியர் பெட்டி: A 30 4. ஜனவரி 30. சரி. பின் அச்சுக்கூடு: B 8 4. சரி. டைனமோவின் உடலில் வேறு முறையில் வெட்டியிருந்தது: மாதம் 2, வருஷம் 34. சரி. காகிதத்தை வைத்து மெழுகுப் பென்சிலால் தேய்த்து ஒவ்வொன்றையும் பிரதி எடுத்துக்கொண்டேன். நான் காருக்கு அடியில் படுத்திருந்தபோது மேலே நடந்த பேச்சு காதில் விழுந்தது.

"என்ன தேய்க்காரு?"

"எழுத்த."

"தேச்சா அழியாதா?"

"அழிச்சா கொழும்புலேருந்து வருவாகளா? சும்மா இரும்."

எஞ்சின் எண், பக்கவாட்டில் ஒரு சிறு மேடையில் வெட்டப்பட்டிருந்தது. முதலாளி வீட்டுக் காகிதத்தில் இருந்த அதே எண். ஆனால் அதில் வரும் இரண்டு 4-களுக்கும் கால் கொஞ்சம் நீளம். மேடையில் அரம் ஓடிய தடமும் லேசாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். எண்ணை யாரும் வெட்டலாம். வார்த்த தேதியை யாரும் வார்க்க முடியாது.

அந்தத் தேதி, எஞ்சினின் வார்ப்பு உடலான பிளாக்கின் பின்பக்கம், கீழே இருக்க வேண்டும். கம்பிக் கண்ணாடியை உள்ளே நீட்டி டார்ச் அடித்தேன். அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குச் சந்தனமும் குங்குமமும் அடைபோல் காய்ந்து கிடந்தன. பிரஷை எடுத்தேன்.

"சார்வாள், அதை மட்டும் தொடாதிய." சுப்பையாவின் குரல் மாறியிருந்தது. "ஆயுத பூசைக்கு வருசா வருசம் வைக்கிறது. இன்னைக்கு வெள்ளிக்கிழம. வெள்ளியும் அதுவுமா சந்தனத்த எடுக்கக் கூடாது."

ராவுத்தர் சிரித்தார். "பிளஷர் என்னுது, சந்தனம் அவருது. பதினாலு பதினஞ்சு வருசமா இந்தக் கூத்துதான். ஞாயித்துக்கெழம எடுக்கட்டும் சார். அதுக்குள்ள எஞ்சின் எங்க ஓடிரப்போகுது? நாந்தான் வாக்குக் குடுத்துருக்கேன்லா."

சுப்பையா சிரிக்கவில்லை. நான் கவனித்தேன்; எழுதிக்கொள்ளவில்லை.

ஜும்மா தொழுகைக்குப் பிறகு ராவுத்தர் வீட்டில் சாப்பாடு. கடைசியில் இனிப்பாக வட்டலப்பம் வந்தது. எங்கள் ஊரில் கித்துள் மரத்துக் கருப்பட்டியில் செய்வார்கள், இது பனங்கருப்பட்டி. புறக்கோட்டையில் தாம் கற்ற ஒரே பண்டம் இதுதான் என்றார். எந்தெந்தக் கடை இப்போது இருக்கிறது என்று தெருத் தெருவாக விசாரித்தார். பிறகு யுத்த காலத்தைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் குண்டு விழுந்த பிறகு போக்குவரத்து தடைப்பட்டு, இரண்டு வருஷம் அவரால் ஊருக்கு வர முடியவில்லை.

"சுப்பையாகிட்ட வண்டிச் சாவியக் குடுத்துட்டுப் போனவன். பட்டாளத்துக்காரன் புடுங்கிட்டானோ, வித்துத் தின்னுட்டாகளோன்னு கெடந்தேன். வந்து எறங்கினா ஸ்டேசன் வாசல்ல பிளஷர் நிக்கி. ஒரு கீறல் இல்ல. அவரு கையப் புடிச்சு அழுதுட்டேன் சார். எங்க வாப்பா மவுத்துக்குக்கூட அப்படி அழல." தட்டை என் பக்கம் நகர்த்தினார். "அந்த மனுசன நம்பித்தான் உங்க முதலாளிக்கு எழுதினேன். நான் எஞ்சினத் தெறந்து பாத்தவனா?"

சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். குற்றாலத்துக்கு அழைத்துப்போக சுப்பையாவே வந்தார். பஸ்ஸில் கூரைமேல்கூட இடமில்லை. குதிரை வண்டி பிடித்தோம். ஒரு மைல் போனதும் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சக்கரம் கழலாமல் பிடித்திருக்கும் கடையாணி எங்கோ விழுந்துவிட்டது. வண்டிக்காரர் இறங்கி, வேப்பமரத்தில் ஒரு குச்சியை ஒடித்துச் சீவிச் செருகினார்.

இது தாங்குமா என்றேன்.

"இதுக்கு முன்னால இருந்ததும் வேப்பங்குச்சிதான் அண்ணாச்சி. வண்டியோட வந்த ஆணி எங்க அய்யா காலத்துலயே போயிட்டு" என்றார். சுப்பையா முந்தின நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

ஐந்தருவிக்குக் கீழே எண்ணெய் தேய்ப்பவர் என்னைப் பலகையில் படுக்கவைத்து, கம்பெனியில் கியர் பெட்டியைக் கழுவுவதுபோல் மூட்டு மூட்டாகத் தேய்த்தார். அருவிக்கடியில் நின்றேன். தண்ணீர் தலையில் விழவில்லை, அடித்தது. எண்ண முடியாமல் நின்ற நேரம் என் வாழ்வில் குறைவு. அது அவற்றில் ஒன்று.

வெளியே வந்ததும் கடையில் மங்குஸ்தான் குவித்திருந்தார்கள். கொழும்பில் தின்று சலித்த பழம். இங்கே அதை மலைப்பழம் என்று தனி மரியாதையோடு விற்கிறார்கள். சுப்பையா நாலு வாங்கிவந்து ஒரு பாறையில் உட்கார்ந்தார். ஒன்றைப் பிளந்தார், தின்னவில்லை.

"இங்கனதான் சார்வாள்" என்றார்.

எது என்று நான் கேட்குமுன் அவரே சொன்னார்.

ராவுத்தர் வர முடியாமல் இருந்த காலம். பெட்ரோல் கிடையாது, காரின் பின்னால் கரியடுப்பு மாட்டிக் கரிப்புகையில் ஓட்டினார்கள். ஒரு மைலுக்குள் எஞ்சின் கொதித்துவிடும். அந்த வருஷம் முதல் சாரல் விழுந்த அன்று ஐந்தருவிக்கு ஏற்றத்தில் ஓட்டிவந்தார்.

"மொதச் சாரலுக்கு அருவித் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்துறது இங்க எல்லா டிரைவருக்கும் பழக்கம் சார்வாள். மூலிகைத் தண்ணில்லா. மனுசன் சூட்டத் தணிக்கது எஞ்சின் சூட்டத் தணிக்காதான்னு ஊத்துவோம். ஆறவிட்டு ஊத்தணும். அது எனக்குத் தெரியும். அன்னைக்குன்னு பொறுமை இல்ல. கொதிக்கக் கொதிக்க ஒரு கொடம் ஊத்திட்டேன்."

அருவியைப் பார்த்தார். "வெடலைத் தேங்கா ஒடைச்ச மாதிரி ஒரு சத்தம். பக்கத்துல ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். தண்ணி அதுவழியா அழுதுக்கிட்டே வருது."

மதுரையில் பிரித்துப் போட்டிருந்த இதே மாதிரிக் கார் ஒன்றின் பிளாக்கைத் தேடி எடுத்துவந்து பூட்டினார். அதிலிருந்த எண்ணை அரத்தால் அழித்துவிட்டு, பழைய எண்ணைத் தாமே உளி செய்து வெட்டினார்.

"நாலு மட்டும் சரியா வரல."

பார்த்தேன் என்றேன்.

"தெரியும். நீங்க அந்த எடத்துலயே ஒரு நிமிசம் நின்னிய. பின்னால இருந்த எழுத்து என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா பழசுல இருந்ததும் இதுல இருந்ததும் வேற வேற. அதை அழிச்சா பள்ளம் தெரியும். அதான் சந்தனத்த வச்சேன். சாமிக்கு வச்ச சந்தனம் இல்ல சார்வாள் அது. சாமிக்குத் தெரியும்."

ஏன் அவருக்கு எழுதவில்லை என்று கேட்டேன்.

"அவரு உசுரோட இருக்காரான்னே தெரியாத நேரம். சரி, வந்த பொறவு சொல்லுவோம்னு இருந்தேன். வந்து எறங்கினவரு எங்கையப் புடிச்சு அழுதாரு. அழுதுக்கிட்டு இருக்கவருகிட்ட என்னத்தச் சொல்ல? அன்னைக்குச் சொல்லல. மறுநாள் சொல்ல அதைவிடக் கஷ்டமாப் போச்சு. மறுவருசம் அதைவிட." பழத்தை என் கையில் வைத்தார். "நீங்க எழுதுங்க. பொய் எழுதச் சொல்ல நான் ஆளில்ல. ராவுத்தர் தெரிஞ்சே பொய் வாக்குக் குடுத்தாருன்னு மட்டும் வந்துரக் கூடாது."

முப்பது வருஷமாக நான் பாகங்களைச் சரிபார்க்கிறேன். தவறான தேதி கிடைத்தால் சிவப்பு மையில் 'மாற்று' என்று எழுதி அடுத்ததற்குப் போய்விடுவேன். மாற்றியவன் எதிரில் உட்கார்ந்து மங்குஸ்தான் உரித்துக்கொடுத்தது இதுவே முதல் முறை. என் அறிக்கையை ஞாயிற்றுக்கிழமை மாலை எழுதுவேன் என்றும், அதற்கு முன்னால் ராவுத்தர் அதை என் காகிதத்திலிருந்து அல்ல, அவர் வாயிலிருந்து கேட்பது நல்லது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். பழைய பிளாக் என்ன ஆயிற்று என்றேன்.

"பழச நான் எறியிறதில்லன்னு சொன்னேம்லா. நாளைக்குக் காட்டுதேன்."

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. போன வருஷம்வரை செங்கோட்டை வேறு ராஜ்யம், இப்போது நம்மோடு சேர்ந்துவிட்டது என்று பின்சீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். "சேந்தா என்ன, அவன் சாயா சாயாதான், நம்ம காப்பி காப்பிதான்" என்றார் இன்னொருவர்.

அறையில் அறிக்கைத் தாளை எடுத்து வைத்தேன். பாகம், தேதி, அசல் அல்லது மாற்று என்று மூன்று கட்டங்கள். எஞ்சின் வரியை மட்டும் காலியாக விட்டேன். உண்மையைச் சொல்லும்படி ஒரு மனிதனை நெருக்க எனக்கு என்ன உரிமை என்று யோசித்தேன். சொல்லாமல் ஊர்போய் எழுதியிருந்தால், அது ராவுத்தருக்கு முதலாளியின் கடிதமாக வந்திருக்கும். அதில் சுப்பையாவின் பெயரே இருந்திருக்காது. எது மேல் என்று தெரியாமலே தூங்கினேன்.

ஞாயிறு காலை ராவுத்தர் தம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். சுப்பையா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி வந்தார். காருக்கு அடியில் படுத்து, மெல்லிய தகட்டை நுழைத்து நெம்பினார். சந்தன அடை உடையாமல் ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதை என் கையில் கொடுத்தார்.

உள்பக்கம் எழுத்துகள் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தன. என் வட்டக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். K 7 6.

"என்ன சார், ஜாதகம் என்ன சொல்லுது?" என்றார் ராவுத்தர்.

1936, நவம்பர் ஏழு என்றேன்.

அவர் புன்னகை அப்படியே நின்றது. "வண்டி முப்பத்தி நாலுல்லா?"

சுப்பையா சொன்னார். அருவியடியில் அரைமணி நேரம் சொன்னதை இப்போது நாலே வாக்கியத்தில் சொன்னார்: கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றினேன், வெடித்தது, மாற்றினேன், மறைத்தேன்.

ராவுத்தர் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "பழசு எங்க?" என்றார்.

"நீரு அதுமேலதான் உக்காந்திருக்கீருவே."

நெருப்பைத் தொட்டவர்போல எழுந்தார். நான் கோணிச்சாக்கை விலக்கினேன். பக்கவாட்டில் படுக்கவைத்த பிளாக். சாண் நீள விரிசல். மறுபக்கம் புரட்டிப் பிரஷ் போட்டேன்: B 19 4. 1934, பிப்ரவரி பத்தொன்பது. எண்ணிலிருந்த 4-களுக்குக் கால் குட்டை. முதலாளியின் தகப்பனார் ஓட்டிய எஞ்சின் அதுதான்.

"பதினாலு வருசம்" என்றார் ராவுத்தர். "தெனமும் வந்து இதுமேல உக்காந்து, எம்பிளஷரு எஞ்சின் மாத்தாத பிளஷருன்னு ஊருக்கெல்லாம் பீத்திருக்கேன். நீரு கேட்டுக்கிட்டே சாயா வாங்கிக் குடுத்திருக்கீரு."

சுப்பையா, "வேற எங்க வைக்க? நீரு உக்காந்தா யாரும் எடுக்கமாட்டாம்லா" என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ராவுத்தர் செருப்பைக்கூடப் போடாமல் சாரலில் இறங்கி நடந்துபோய்விட்டார்.

அன்று முழுவதும் அவர் வரவில்லை. சுப்பையா அந்தச் செருப்பைத் துடைத்து, நனையாத இடமாகப் பார்த்து வைத்தார். பிறகு வேறு வேலை எதையும் தொடவில்லை. மாலையில் நான் அறிக்கையை முடித்தேன்.

திங்கட்கிழமை தபாலாபீஸில் தந்தி கொடுத்தேன்: 'எஞ்சின் கிடைத்தது. காரில் இல்லை. விவரம் கடிதத்தில்.' குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சோ?" என்றார். ஒன்றும் விடவில்லை என்றேன்.

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் கோயிலுக்குப் போனேன். உள்ளே ஒரு பெரியவர், கட்டிய ராஜா கல்லில் வெட்டிவைத்திருப்பதாக ஒரு செய்தி சொன்னார். இந்தக் கோயிலில் பிற்காலத்தில் ஏதாவது பழுதானால், அதைச் சரிசெய்கிறவர்களின் காலில் நான் விழுகிறேன் என்று எழுதியிருக்கிறானாம். "இன்னும் ஒருத்தனும் கோபுரத்தத் தொடல. ராஜா விழுந்தபடியே கெடக்கான்" என்றார் பெரியவர். வெளியே வந்து பிளந்த கோபுரத்தைத் திரும்பவும் பார்த்தேன். அறைக்குப் போய் அறிக்கையில் எஞ்சின் வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'மாற்றி, பதினாலு வருஷம் பழுதில்லாமல் ஓட்டியவர், தென்காசி சுப்பையா ஆசாரி.' அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதினேன்.

மாலை அசர் தொழுகை முடிந்த நேரத்தில் ராவுத்தர் என்னைத் தேடி அறைக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். தேதியெல்லாம் சரியா என்று பார்க்கச் சொன்னார். முதலாளிக்கு எழுதியிருந்தார்: 'முன் கடிதத்தில் எஞ்சின் மாற்றப்படவில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்குத் தவறு. தெரியாமல் சொன்னேன் என்பது சமாதானம் ஆகாது, பார்க்காமல் சொன்னேன். அசல் எஞ்சின் விரிசலுடன் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பது தங்கள் இஷ்டம்.'

சரியாக இருக்கிறது என்றேன். "அப்ப வாங்க" என்று பட்டறைக்கு நடந்தார். சுப்பையா எழுந்து நின்றார். ராவுத்தர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடும்வே."

சுப்பையா படித்துப் பார்த்தார். "எம்பேரு இதுல எங்கயும் இல்லையே."

"அதான் கீழ போடச் சொல்லுதேன்."

போட்டார். ராவுத்தர் காகிதத்தை வாங்கி ஊதிக் காயவைத்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எஞ்செருப்பு எங்கவே?" என்றார்.

செவ்வாய் காலை தந்தி வந்தது. ஒரே வார்த்தை: 'வாங்கு.' விரிசலை ஆணியிட்டுத் தைக்கும் ஆள் கொழும்பில் இருக்கிறார். பழைய பிளாக் திரும்ப ஓடும் என்று சொன்னேன். காரில் இப்போது இருக்கும் எஞ்சினையும் சேர்த்தே அனுப்பலாமா என்று கேட்டேன்.

"அது வேண்டாம்" என்றார் ராவுத்தர். "உங்க முதலாளிக்கு அவரு வாப்பா எஞ்சின் போதும்லா. என்னையத் தூக்கிச் சுமந்தது இது. இது இங்கன கெடக்கட்டும்."

சங்கிலியால் எஞ்சினைக் கழற்றித் தூக்க மதியம் ஆயிற்று. பழைய பிளாக்கை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்து, பெட்டியின்மேல் எண்ணையும் தேதியையும் எழுதினேன். அது கிடந்த இடத்தில் தரை ஈரமாக, சதுரமாகத் தெரிந்தது. சுப்பையா மற்றதைப் பிரித்து, எண்ணெய் துடைத்து, அந்தச் சதுரத்தின்மேலேயே இறக்கிவைத்தார். கோணிச்சாக்கை உதறி, நாலாக மடித்து மேலே போட்டார்.

ராவுத்தர் வந்து உட்கார்ந்தார். இடம் மாறிப் பார்த்தார். திரும்பவும் மாறினார்.

"பழசு மாதிரி இல்லவே. குத்துது."

சுப்பையா சாயாக் கிளாஸை அவரிடம் நீட்டினார்.

"புதுசுல்லா. ஒரு பதினாலு வருசம் உக்காரும், சரியாயிரும்."